சிறைக்குள் தொற்று பரவினால்: புதிதாகப் பணிக்கு வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிறை மருத்துவமனையில் புதிதாகச் சேர்ந்த மருத்துவர், செவிலியர், அப்புறம் முதல்முறையாக ஒரு பிளாக்கின் பொறுப்பை வாங்கிக்கொண்ட அதிகாரி, இவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வெளியே மருத்துவம் பார்த்துவிட்டு உள்ளே வருகிறவர்களுக்கு நோய்கள் பழக்கமானவைதான், இடம்தான் புதிது. ஒரு அறையில் இருபது முப்பது பேர், ஒரே கழிப்பறை, ஒரே தண்ணீர்த் தொட்டி, எல்லோருக்கும் ஒரே சமையற்கூடம். பக்கத்தில் படுத்திருப்பவர் இருமினால் எழுந்து போய் வேறெங்கும் படுக்க முடியாது. வெளியில் நாம் சர்வசாதாரணமாகச் சொல்லிவிடுகிற "நாலு நாள் யாரோடும் சேராமல் இருங்கள்" என்பதற்கு இங்கே ஓர் அறை வேண்டும், சாவி வேண்டும், காவலுக்கு ஆள் வேண்டும், மேலதிகாரியின் கையெழுத்தும் வேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே பட்டியல், பிளீச்சிங் பவுடர், தடுப்பூசி என்று நிறைய வரும். இவை எல்லாம் பலிக்க வேண்டுமென்றால் முதல் நோயாளி தானாக வந்து "எனக்கு உடம்பு சரியில்லை" என்று வாய் திறக்க வேண்டும். சொன்னால் தனக்குக் கெடுதல்தான் வரும் என்று அவருக்குத் தோன்றினால் சொல்ல மாட்டார், பக்கத்தில் இருப்பவர்களும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள், உங்களுக்குத் தெரியவரும்போது பத்துப் பேர் படுத்திருப்பார்கள்.

வாசலில் ஆரம்பியுங்கள்

புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் கூடிய சீக்கிரம் மருத்துவர் அல்லது தகுதியுள்ள மருத்துவப் பணியாளர் பார்த்தாக வேண்டும். கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று 2015ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளில் 30வது விதி இதைத்தான் சொல்கிறது. வெளியே மக்களுக்குக் கிடைக்கும் அதே தரத்தில் சிறைக்குள்ளும் மருத்துவம் கிடைக்க வேண்டும் என்கிறது 24வது விதி. பரிசோதனை பல சிறைகளில் நடக்கத்தான் செய்கிறது, நடக்கிற விதம்தான் கோளாறு. ராத்திரி நேரத்தில் வரிசையாக நிற்கவைத்து, தோளை ஒட்டிக் காவலர் நிற்க, "டிபி இருக்கா, தோல் வியாதி இருக்கா" என்று கேட்டால் எல்லோரும் "இல்லை" என்றுதான் தலையாட்டுவார்கள். காவலர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், காதுக்கு எட்டாத தூரத்தில் நிற்கட்டும்.

நோயின் பெயரைச் சொல்லிக் கேட்காமல் உடம்பைப் பற்றிக் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கிறதா? தூக்கத்தில் வேர்த்துச் சட்டை நனைகிறதா? இடுப்புத் துணி தளர்ந்துபோகிற அளவுக்கு இளைத்திருக்கிறீர்களா? ராத்திரியில் அரிப்பு அதிகமாகிறதா, கூட இருந்த யாருக்காவது அப்படி இருந்ததா? மூன்று நாளாக வயிற்றுப்போக்கு, வாந்தி? கடைசியாக, ஏதாவது மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்களா, அது இப்போது எங்கே? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடவே கூடாது. கைதான அன்று மருந்து வீட்டில் இருக்கும், ஆள் இங்கே இருப்பார். காசநோய் மருந்து இப்படித்தான் பாதியில் நிற்கிறது, பாதியில் நின்ற இடத்தில்தான் மருந்துக்கு அடங்காத காசநோய் உருவாக வழி கிடைக்கிறது.

கேட்பதோடு நிற்காமல் பாருங்கள். விரல் இடுக்கு, மணிக்கட்டின் உள்பக்கம், அக்குள், இடுப்பைச் சுற்றி: சிரங்கு இருந்தால் இந்த இடங்கள் காட்டிக்கொடுத்துவிடும். சட்டையின் உள்தையலை விரித்துப் பார்த்தால் சீலைப்பேன் தெரியும். சீலைப்பேன் ஏதோ பழங்காலச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் 'சிறைக் காய்ச்சல்' என்றே அழைத்த டைஃபஸ் அதன் வழியாகத்தான் பரவுகிறது என்று 1909ல் சார்ல் நிக்கோல் நிரூபித்தார், அதற்காக 1928ல் நோபல் பரிசும் வாங்கினார். அதே நோய் 1995ல் புருண்டியில் ங்கோசி என்ற ஊரின் சிறையில் மறுபடி தலைகாட்டியது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அந்த நாட்டின் அகதி முகாம்களில் ஆயிரக்கணக்கானோரைப் பிடித்துக்கொண்டது.

புதியவர்களைச் சில நாள் தனியாக வைத்துப் பார்க்கும் வழக்கம் இருந்தால், ஒரே நாளில் வந்தவர்களை ஒரே குழுவாக வையுங்கள். ஆறாம் நாளில் இருக்கும் குழுவுக்குள் இன்றைக்கு வந்த ஒருவரை இடமில்லை என்று தள்ளிவிட்டால், அந்தக் குழு முழுவதற்கும் கணக்கு முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. தாளில் ஆறு நாள் முடிந்ததாகத்தான் இருக்கும். தாளை நம்பி அவர்களைப் பெரிய பிளாக்குக்கு அனுப்புவார்கள்.

பரவல் என்று எப்போது எடுத்துக்கொள்வது

சில நோய்களுக்கு ஒரே ஆள் போதும். தட்டம்மை, காலரா, மூளைக்காய்ச்சலில் மெனிங்கோகாக்கஸ் வகை, சளியில் கிருமி தெரிகிற நுரையீரல் காசநோய்: ஒருவருக்குச் சந்தேகம் வந்தாலே மணி அடித்துவிட வேண்டியதுதான். மற்றவற்றுக்கு, ஒரே இடத்தோடு தொடர்புள்ள இரண்டு மூன்று பேருக்கு அடுத்தடுத்த நாட்களில் ஒரே மாதிரி அறிகுறி வந்தால் பரவல் என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். இல்லை என்று தெரிந்தால் நிறுத்திக்கொள்ளலாம், ஒன்றும் கெட்டுப்போகாது.

நோயாளி உங்களிடம் வருவதற்கு முன்பே செய்தி வேறு இடங்களில் கிடைக்கும். மருந்தாளுநரைக் கேளுங்கள், ஓஆர்எஸ் (வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல்) பொட்டலம் இந்த வாரம் ஏன் இவ்வளவு போகிறது என்று அவருக்குத் தெரியும். சலவைப் பகுதியில் கேளுங்கள். சாப்பாட்டுத் தட்டு எந்த அறையிலிருந்து அப்படியே திரும்பி வருகிறது என்று பரிமாறுகிறவரைக் கேளுங்கள். ராத்திரி டூட்டி காவலரின் டயரியில் "3ஆம் அறையில் இருமல் சத்தம்" என்ற ஒரு வரி இருக்கும், அதை யாரும் மருத்துவப் பகுதிக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நோயாளி சொல்லும் காரணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதையே நோயாக எழுதிவிடாதீர்கள். 2000களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சிறைகள் பலவற்றில் "சிலந்தி கடித்துவிட்டது" என்று கட்டியோடும் புண்ணோடும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சீழை எடுத்துச் சோதித்தால் மெதிசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத ஸ்டாஃப் என்ற கிருமி. துண்டையும் ரேசரையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியது, புண்ணை மூடாமல் விட்டது என்று பரவியிருந்தது. சிலந்தி என்று எழுதிக்கொண்டே போயிருந்தால் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருப்பார்கள்.

கூட்டமாக விழுந்தார்கள் என்பதாலேயே அது தொற்று ஆகிவிடாது. 2016ல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஒரு சிறையில் பலருக்கு ஒரே சமயத்தில் பார்வை இரட்டையாகி, இமை தொங்கி, விழுங்க முடியாமல் போனது. காய்ச்சல் கிடையாது. உள்ளேயே ரகசியமாகக் காய்ச்சிய சாராயத்தில் உருவான பொட்டுலினம் நச்சு அது. இப்படிப்பட்ட நேரத்தில் "என்ன குடித்தாய்" என்பதை மருத்துவர் மட்டும் தனியாகக் கேட்க வேண்டும், பதில் தண்டனைப் பதிவேட்டுக்குப் போகாது என்று உறுதியும் கொடுக்க வேண்டும். அந்த உறுதியைக் கொடுக்க உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா என்று மேலதிகாரியிடம் இன்றைக்கே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நச்சு முறிவு மருந்தைச் சீக்கிரம் கொடுத்தால்தான் பலன்.

முதல் நாள்: ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு வரைபடமும்

யாரை நோயாளி என்று எண்ணப்போகிறோம் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள். "இந்தத் தேதிக்குப் பிறகு, இந்தச் சிறையில் இருக்கிற அல்லது வேலை செய்கிற யாருக்காவது 24 மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் நீராகப் போனால்" என்ற மாதிரி. பணியாளர்களையும் சேர்த்து எழுதுங்கள். இந்த வரி இல்லாவிட்டால் பகல் டூட்டி ஒரு கணக்கு சொல்லும், ராத்திரி டூட்டி வேறொரு கணக்கு சொல்லும்.

அப்புறம் பட்டியல். பெயர், எண், பிளாக், அறை, எந்தப் படுக்கை, என்ன வேலை செய்கிறார் (சமையலா, சலவையா, துப்புரவா), அறிகுறி தொடங்கிய தேதி, கடைசியாக நீதிமன்றத்துக்கோ மருத்துவமனைக்கோ போய்வந்தது எப்போது, எங்கிருந்து மாற்றப்பட்டு வந்தார், பரிசோதனை முடிவு. மருத்துவரிடம் வந்த தேதியை எழுதி ஏமாறாதீர்கள், உடம்பு சரியில்லாமல் போன தேதிதான் வேண்டும். கட்டம்போட்ட தாளில் ஒரு நோயாளிக்கு ஒரு கட்டம் என்று அந்தத் தேதிக்கு மேல் அடுக்கிக்கொண்டே போனால் உருவம் கிடைக்கும். ஒரே நாளில் குத்தென எழும்பி இறங்கினால் சாப்பாட்டையோ தண்ணீரையோ சந்தேகப்படுங்கள். அலை அலையாக இடைவெளி விட்டு வந்தால் ஆளிடமிருந்து ஆளுக்குப் போகிறது.

பிளாக்கின் வரைபடத்தைக் கையால் வரைந்து புள்ளி வையுங்கள். மூன்று பிளாக்கில் வாந்தி, நான்காவதில் ஒருவருக்கும் இல்லை என்றால், அந்த நான்காவதுக்கு மட்டும் எது வேறாகப் போகிறது என்று தேடுங்கள், வேறு குழாயா, வேறு அண்டாவா, வேறு பரிமாறுகிறவரா. இதற்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை.

அன்றைக்கே பொதுச் சுகாதாரத் துறைக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். "நாமே பார்த்துக்கொள்ளலாம், வெளியே தெரிந்தால் கெட்ட பெயர்" என்று ஒரு குரல் எப்போதும் எழும். தடுப்பூசி, ஆய்வகம், ஆம்புலன்ஸ் எல்லாம் வெளியேதான் இருக்கிறது.

இடமாற்றத்தை நிறுத்துங்கள்

நோயைச் சிறைவிட்டுச் சிறை கொண்டுபோவதில் வண்டிக்கு ஈடு எதுவும் இல்லை. கலிஃபோர்னியாவின் சான் குவெண்டின் சிறை இதற்கு இரண்டு தடவை உதாரணம் ஆகியிருக்கிறது. 1918 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டச் சிறையிலிருந்து வந்த ஒரு கைதியோடு இன்ஃப்ளூயன்சா உள்ளே நுழைந்தது. அப்போது அங்கே சுமார் 1,900 பேர். ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் ஒரே அரங்கில் அடைத்துச் சினிமா காட்டுவார்கள், அடுத்த ஓரிரு நாளில் நோயாளிகள் குவிவார்கள் என்பதைச் சிறை மருத்துவர் லியோ ஸ்டான்லி கவனித்து எழுதிவைத்தார். நூறாண்டு கழித்து, 2020 மே இறுதியில், சீனோ நகரச் சிறையில் கோவிட் பரவுகிறது என்று அங்கிருந்து 120க்கும் மேற்பட்டவர்களை அதே சான் குவெண்டினுக்கு மாற்றினார்கள். மாற்றியது காப்பாற்றும் எண்ணத்தில்தான். ஆனால் அவர்களில் பலருக்குப் பரிசோதனை எடுத்து வாரங்கள் ஆகியிருந்தன. சில மாதத்தில் 2,000க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று, 28 கைதிகளும் ஒரு பணியாளரும் இறந்தார்கள்.

ஆகவே பரவல் சந்தேகம் வந்தவுடன், அந்தப் பிளாக்கிலிருந்து உள்ளேயும் வெளியேயும் யாரையும் நகர்த்தாதீர்கள். நீதிமன்றத் தேதிகளைக் காணொளிக்கு மாற்றக் கேளுங்கள். தவிர்க்கவே முடியாத இடமாற்றம் என்றால் கிளம்பும் நாளில் பாருங்கள், போகிற இடத்துக்கு முன்கூட்டியே போன் செய்து சொல்லுங்கள், வண்டியில் முகக்கவசமும் திறந்த ஜன்னலும் இருக்கட்டும், மருத்துவப் பதிவேடு அதே வண்டியில் போகட்டும். பதிவேடு அடுத்த வாரம் தபாலில் வரும் என்பதெல்லாம் நடக்காத கதை.

தனிமைப்படுத்துவது தண்டனையாக மாறும் இடம்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள்.

மூன்று குழுக்கள் உண்டு. நோய் உறுதியானவர்கள், அறிகுறி இருந்து முடிவு வராதவர்கள், அறிகுறி இல்லாமல் நோயாளியோடு இருந்தவர்கள். உறுதியானவர்களை ஒன்றாக வைக்கலாம். முடிவு வராதவர்களை முடிந்தவரை ஒவ்வொருவராக வையுங்கள். சாதாரணக் காய்ச்சலோடு இருப்பவரைக் காசநோய் சந்தேகத்தில் இருப்பவரோடு ஒரே அறையில் போட்டால், வராத நோயையும் நாமே வரவழைத்துக் கொடுத்ததாகும். மூன்றாவது குழுவைத் தினமும் இரண்டு தடவை பார்த்து, அறிகுறி தெரிந்தவரை உடனே எடுத்துவிட வேண்டும்.

ஒற்றை அறைகள் எந்தச் சிறையிலும் குறைவு. இருக்கிறவையும் பெரும்பாலும் தண்டனைப் பிளாக்கில்தான் இருக்கும். காய்ச்சல் என்று சொன்னவரை அங்கே கொண்டுபோய் அடைத்தால் அன்று மாலைக்குள் சிறை முழுக்கத் தெரிந்துவிடும், மறுநாள் காய்ச்சல் என்று ஒருவரும் வர மாட்டார்கள். நெற்றியைத் தொட்டுப் பார்க்கப் போனால் குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவிவிட்டு வந்து நிற்பார்கள். ஒருநாளில் 22 மணி நேரமும் அதற்கு மேலும் அர்த்தமுள்ள மனிதத் தொடர்பே இல்லாமல் அடைத்து வைப்பதைத்தான் மண்டேலா விதிகள் தனிமைச் சிறை என்கின்றன. 15 நாளைத் தாண்டி அப்படி வைப்பதைத் தடையும் செய்கின்றன. நோயாளியை அந்த நிலைக்குக் கொண்டுபோய்விட்டு "மருத்துவக் காரணம்" என்று எழுதிக்கொண்டால் சரியாகிவிடாது.

வித்தியாசத்தைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி செய்யுங்கள். நோயாளிக்கு அவருடைய பொருட்கள் எல்லாம் கூடவே போக வேண்டும். போன் நேரம் குறையக் கூடாது, முடிந்தால் கூட்டிக் கொடுங்கள். வானொலி, புத்தகம், தனி நேரத்தில் திறந்தவெளி நடை. வேலை செய்து கூலி வாங்குகிறவர் என்றால் கூலி நிற்கக் கூடாது. அப்புறம் வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்குப் புரியாத ஒன்று உண்டு: படுக்கை. பெரிய அறையில் ஜன்னலோரமாக, கழிப்பறையிலிருந்து தள்ளி ஓர் இடம் பிடிக்க ஒருவருக்கு ஒரு வருடம்கூட ஆகியிருக்கும். நோய் சரியாகித் திரும்பும்போது அந்த இடம் இருக்குமா என்ற பயத்திலேயே இருமலை விழுங்கிக்கொண்டு கிடப்பவர்கள் உண்டு. "உன் இடம் உனக்குத்தான்" என்று அறை முழுக்கக் கேட்கும்படி சொல்லி, அந்தச் சொல்லைக் காப்பாற்றுங்கள். மருத்துவரைப் பார்க்கக் கட்டணம் வாங்கும் சிறையாக இருந்தால், பரவல் முடியும்வரை அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

யாரைத் தனிமைப்படுத்துவது, எப்போது விடுவிப்பது என்பதை மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும், மருத்துவ முடிவைச் சிறை அதிகாரி மாற்றக் கூடாது (மண்டேலா விதிகளில் 27வது). உள்ளே வைக்கும்போதே, எதுவரை என்பதையும் எது சரியானால் வெளியே விடுவோம் என்பதையும் நோயாளியிடம் சொல்லி எழுதிக்கொடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது செவிலியர் போய் நேரில் பார்க்க வேண்டும், கதவுத் துவாரம் வழியாக எட்டிப்பார்ப்பது கணக்கில் சேராது. தனிமையில் தற்கொலை எண்ணம் தலைதூக்கும், போதையை நிறுத்தியதால் வரும் நடுக்கமும் இந்த நாட்களில்தான் பிடிக்கும், இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி உள்ளவர்களைப் பிரித்து வைக்கும் பழக்கம் எங்காவது இன்னும் இருந்தால் அதை நிறுத்துங்கள். சேர்ந்து சாப்பிடுவதாலும் பக்கத்தில் படுப்பதாலும் அவை பரவுவதில்லை. அந்தத் தகவல் காவலருக்கும் சக கைதிகளுக்கும் போகவே கூடாது.

நோய்க்கு நோய் மாறுவது

காசநோய்தான் சிறையின் நிரந்தரத் தலைவலி. வெளியே இருப்பவர்களைவிடச் சிறையில் இருப்பவர்களுக்கு அது பத்து மடங்கும் அதற்கு மேலும் வருகிறது என்பது உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்வது. இருமல் வந்தவரை மட்டும் பார்த்தால் பாதிப் பேரைத் தவறவிடுவோம், அதனால் எல்லோருக்கும் அவ்வப்போது மார்பு எக்ஸ்ரே எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். சளியை அறைக்குள்ளோ கழிப்பறையிலோ எடுக்காதீர்கள், திறந்தவெளியில் எடுங்கள். மூலக்கூறு சோதனை இயந்திரம் சில மணி நேரத்தில் முடிவும் ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான காசநோய் மருந்துக்கு அடங்குமா என்ற தகவலும் தந்துவிடும். மாத்திரையைக் கண்முன்னே விழுங்கவைக்க வேண்டும், செவிலியர் முன்னால்தான், அறைத் தலைவராக இருக்கும் இன்னொரு கைதி முன்னால் அல்ல. மாத்திரை அங்கே பண்டமாற்றுக்குப் போய்விடும். 1991ல் நியூயார்க் மாநிலச் சிறைகளில் பல மருந்துகளுக்கும் அடங்காத காசநோய் பரவிப் பல கைதிகளும் ஒரு காவலரும் இறந்தார்கள். பாதிச் சிகிச்சை எங்கே கொண்டுபோய் விடும் என்று கேட்பவர்களுக்கு அதைச் சொல்லுங்கள்.

சிரங்கில் எல்லோரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: அரிக்கிறவருக்கு மட்டும் மருந்து கொடுப்பது. முதல்முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும், அதுவரை அவரும் பரப்பிக்கொண்டுதான் இருப்பார். அறையில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரே நாளில் சிகிச்சை. 5 சதவீத பெர்மெத்ரின் கிரீமைக் கழுத்திலிருந்து பாதம்வரை, நகக்கண், விரல் இடுக்கு விடாமல் ராத்திரி தடவி, 8 முதல் 14 மணி நேரம் வைத்துக் கழுவ வேண்டும், ஒரு வாரம் கழித்து மறுபடி. நூற்றுக்கணக்கான பேர் என்றால் ஐவர்மெக்டின் மாத்திரை நடைமுறைக்கு எளிது, எடையில் ஒரு கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், ஒன்றிரண்டு வார இடைவெளியில் இரண்டு தடவை, கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். அதே நாளில் துணி, போர்வை எல்லாம் வெந்நீரில் துவைக்க வேண்டும். துவைக்க முடியாததைப் பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள். சிகிச்சைக்குப் பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிக்கும் என்பதை முன்பே சொல்லாவிட்டால் "மருந்து பலிக்கவில்லை" என்ற பேச்சு கிளம்பி, இரண்டாம் தடவைக்கு ஆள் வராது. ஒரு விஷயம், சமையற்கூடத்தில் ராத்திரி வேலை செய்கிறவர்கள் அன்று அறையில் இருக்க மாட்டார்கள். அவர்களைத் தேடிப் பிடியுங்கள், இல்லையென்றால் இரண்டு மாதத்தில் மறுபடி முதலிலிருந்து.

வாந்தி, பேதி. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி போனால் காலரா என்று வைத்துக்கொண்டு ஓஆர்எஸ் தொடங்கிவிட்டு அப்புறம் பரிசோதனைக்கு அனுப்புங்கள், குடிக்க முடியாதவருக்கு நரம்பில் திரவம் ஏற்ற வேண்டும். காலராவில் ஆளைக் கொல்வது நீரிழப்பு, சில மணி நேரம் போதும். நோரோவைரஸ் 12 முதல் 48 மணி நேரத்தில் வெளிப்படும், கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவம் அதற்குச் சரியாக வேலை செய்யாது, சோப்பும் ஓடும் தண்ணீரும்தான். வாந்தியும் பேதியும் நின்ற பிறகும் 48 மணி நேரம்வரை யாரையும் சமையலுக்கு விடாதீர்கள், பணியாளராக இருந்தாலும் சரி. மஞ்சள் காமாலை ஏ வகையில் (ஹெபடைடிஸ் ஏ) நோயாளி மஞ்சளாகத் தெரிவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே பரப்புகிறார், அதனால் அவர் பரிமாறிய எல்லோரையும் எண்ண வேண்டும். தொடர்பு ஏற்பட்டு இரண்டு வாரத்துக்குள் தடுப்பூசி போட்டால் காப்பாற்றலாம்.

அம்மை வகையில் கடிகாரம்தான் எதிரி. தட்டம்மை கிருமி நோயாளி வெளியேறிய பிறகும் இரண்டு மணி நேரம்வரை அறைக் காற்றில் இருக்கும். தடுப்பூசி 72 மணி நேரத்துக்குள் போட்டால்தான் தொடர்பில் இருந்தவர்களைத் தடுக்கும். சின்னம்மைக்கு மூன்றிலிருந்து ஐந்து நாள். அம்மை முன்பே வந்தவர், இருமுறை தடுப்பூசி போட்டவர் யார் என்ற விவரம் வாசல் பரிசோதனையிலேயே எழுதப்பட்டிருந்தால் அந்த மணி நேரங்கள் மிச்சம். கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கும் இந்த உயிருள்ள தடுப்பூசிகளைப் போடக் கூடாது, அவர்களை முதலில் நோயாளிகளிடமிருந்து பிரித்துத் தனியாக வையுங்கள்.

இன்ஃப்ளூயன்சா, கோவிட் பற்றி எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வயதானவர்களையும் ஆஸ்துமா, சர்க்கரை உள்ளவர்களையும் பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், இன்ஃப்ளூயன்சா மருந்தை முதல் 48 மணி நேரத்தில் தொடங்குவது நல்லது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

காற்று, தண்ணீர், குளோரின்

படுக்கைகளைத் தள்ளிப்போட இடம் இல்லையென்றால் தலைமாட்டை மாற்றுங்கள். ஒருவர் தலை இருக்கும் பக்கம் அடுத்தவர் கால். காசு செலவில்லாமல் முகத்துக்கு முகம் உள்ள தூரம் கூடிவிடும். அடைத்துக் கிடக்கும் ஜன்னல்களைத் திறக்க முடியுமா என்று பாதுகாப்பு அதிகாரியோடு நடந்துபோய் ஒவ்வொன்றாகப் பாருங்கள், பாதி ஜன்னல் துருப்பிடித்ததால் மட்டுமே மூடியிருக்கும். மின்விசிறி நோயாளியின் பக்கத்திலிருந்து மற்றவர் பக்கம் வீசாமல் இருக்க வேண்டும்.

வாந்தி, மலம், ரத்தம் சிந்திய இடத்துக்கு 0.5 சதவீதக் குளோரின்: 5 சதவீதத் திரவம் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர், அல்லது 35 சதவீத பிளீச்சிங் பவுடர் லிட்டருக்கு 15 கிராம். கதவுக் கம்பி, குழாய்த் திருகு மாதிரித் தொடும் இடங்களுக்கு அதை ஐந்து மடங்கு நீர்த்தால் போதும். அழுக்கைத் துடைத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும், அன்றாடம் புதிதாகக் கலக்க வேண்டும், அமிலத்தோடு சேர்க்கவே கூடாது. குடிநீரில் குளோரின் கலந்து அரை மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சம் இருக்கிறதா என்று கடைசிக் குழாயில் சோதியுங்கள், தொட்டியில் அல்ல.

பாதுகாப்புப் பிரிவு குளோரினையும் ஆல்கஹாலையும் அறைக்குள் விடாது, அதற்கு நியாயமும் உண்டு. எரியும், குடிக்கலாம், முகத்தில் வீசலாம். கலந்த திரவத்தைக் காவலர் எடுத்துவந்து துடைக்கவைத்துத் திரும்ப எடுத்துப்போகட்டும், ஆல்கஹால் குப்பி பணியாளர் இடுப்பில் இருக்கட்டும். ஆனால் சோப்புக்குக் கணக்குப் பார்க்கிற பழக்கத்தை ஒழியுங்கள். துப்புரவு செய்கிற கைதிக்குக் கையுறையும் முகக்கவசமும் காவலருக்குக் கொடுத்த அதே தரத்தில் கொடுங்கள்.

நாம்தான் கதவு

கைதி மாதக்கணக்கில் வெளியே போவதில்லை, நாம் தினமும் போய்வருகிறோம். சுவர் நோயைத் தடுக்கும் என்று நம்பியவர்கள் முன்பும் ஏமாந்திருக்கிறார்கள். 1577ல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த ஒரு விசாரணைக்குப் பிறகு நீதிபதிகள், ஜூரிகள் என்று நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், 1750ல் லண்டன் ஓல்ட் பெய்லியில் நகர மேயரே இறந்தார். இரண்டுமே கைதிகளோடு வந்த சிறைக் காய்ச்சல் என்றுதான் கருதப்படுகிறது.

காய்ச்சலோடு வந்தால் திருப்பி அனுப்புவோம், சம்பளம் பிடிக்க மாட்டோம் என்ற உறுதி காவலர்களுக்குக் கிடைக்கவில்லையென்றால் அவர்களும் மாத்திரை போட்டுக்கொண்டு டூட்டிக்கு வரத்தான் செய்வார்கள். பரவல் நேரத்தில் ஒரு பிளாக்குக்கு ஒரே அணி, மாற்றி மாற்றிப் போடக் கூடாது. ஓய்வறையில் எல்லா பிளாக் காவலர்களும் ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்தால் இந்த ஏற்பாட்டுக்கு அர்த்தமே இல்லை.

மூடும் முன் பேசுங்கள்

2020 மார்ச்சில் இத்தாலியில் கோவிட் பயத்தில் உறவினர் சந்திப்பைத் திடீரென நிறுத்தினார்கள். ஏற்கெனவே நெரிசலில் கொதித்துக்கொண்டிருந்த பல சிறைகளில் கலவரம் வெடித்தது, 13 கைதிகள் இறந்தார்கள். சந்திப்பை நிறுத்த வேண்டியிருந்தால் முதலில் போன், காணொளி நேரத்தைக் கூட்டிவிட்டு அப்புறம் நிறுத்துங்கள். ஏன், எதுவரை, எப்போது மறுபடி பரிசீலிப்போம் என்ற மூன்றையும் மருத்துவர் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். ஒலிபெருக்கி அறிவிப்பை யாரும் நம்ப மாட்டார்கள். படிக்கத் தெரியாதவர்கள், வேறு மொழி பேசுகிறவர்கள் எத்தனை பேர் என்று பார்த்து அவர்களுக்கு அவர்கள் மொழியில் சொல்ல ஒருவரைக் கைதிகளிலிருந்தே தேர்ந்தெடுங்கள். எத்தனை பேருக்கு நோய், எத்தனை பேர் மருத்துவமனையில் என்ற எண்ணிக்கையைத் தினமும் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் வதந்தி சொல்லும், அது எப்போதும் பெரிய எண்ணாகத்தான் இருக்கும்.

நெரிசலைக் குறைப்பதும் மருத்துவ நடவடிக்கைதான். 2020 மார்ச்சில் ஈரான் சுமார் 85,000 பேரைத் தற்காலிகமாக விடுவித்தது, வேறு பல நாடுகளும் சிறிய அளவில் செய்தன. அந்த முடிவு உங்கள் கையில் இல்லை. ஆனால் யார் யாருக்கு நோய் வந்தால் உயிருக்கு ஆபத்து என்ற பட்டியலைத் தயாராக வைத்திருந்தால், முடிவெடுப்பவர்கள் கேட்கும்போது அரை மணி நேரத்தில் கொடுக்கலாம்.

விடுதலை தேதி வந்தவரை நோய் இருக்கிறது என்று உள்ளே பிடித்து வைக்க முடியாது. கையில் ஒரு மாத மருந்து, என்ன நோய், என்ன மருந்து, எத்தனை நாள் முடிந்தது என்ற கடிதம், போகிற ஊரில் எந்த மருத்துவமனை என்ற விவரம், அங்கே நாம் முன்கூட்டியே பேசிவிட்டோம் என்ற செய்தி, இந்த நாலும் வேண்டும். கடிதத்தின் மேலுறையில் சிறையின் முத்திரை வேண்டாம்.

முடிந்தது என்று எப்போது சொல்வது

கடைசி நோயாளிக்குப் பிறகு, அந்த நோய் வெளிப்பட ஆகும் அதிகபட்சக் காலத்தைப் போல இருமடங்கு காத்திருப்பது பொதுவான வழக்கம். தட்டம்மைக்கு 42 நாள். சிரங்குக்கு மூன்று மாதமாவது கண் வைத்திருங்கள். புதிய நோயாளி இல்லை என்பதற்கும் யாரும் வந்து சொல்லவில்லை என்பதற்கும் வித்தியாசம் உண்டு, அதனால் கடைசி வாரம் நீங்களே அறை அறையாகப் போய்ப் பாருங்கள்.

முடிந்த அடுத்த வாரம் மருத்துவப் பகுதி, பாதுகாப்பு, சமையல், அந்தப் பிளாக்கிலிருந்து இரண்டு மூன்று கைதிகள் எல்லோரையும் உட்காரவைத்து ஒன்றைக் கேளுங்கள்: "இது உங்களுக்கு முதலில் எப்போது தெரிந்தது?" கைதிகள் சொல்லும் தேதி உங்கள் பட்டியலின் முதல் தேதிக்கு முன்னால் இருந்தால், இடையில் ஏன் யாரும் சொல்லவில்லை என்று அவர்களிடமே கேட்டு, சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். அப்புறம் ஓஆர்எஸ், கையுறை, குளோரின் தீர்ந்துபோயிருக்கும், கோரிக்கைத் தாளை அன்றைக்கே அனுப்புங்கள். ஆய்வகம், சுகாதாரத் துறை, ஆம்புலன்ஸ் எண்களை ராத்திரி டூட்டி செவிலியரின் மேசைக்கு மேல் சுவரில் ஒட்டிவிடுங்கள், பூட்டிய அலமாரியில் இருக்கும் கோப்புக்குள் போடாதீர்கள்.